பழைய ஆப்டிபிளெக்ஸை வீட்டு ஃபயர்வாலாக மாற்றலாமா?

கேள்வி இது: பினாங்கு ஜெலுத்தோங்கில் இரண்டு மாடி வரிசை வீடு. அலுவலகத்தில் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020 கணினி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி நினைவகம், ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட். விண்டோஸ் 11 ஏறாது. யூனிஃபை 500 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு. மாடி அறையில் தொழிற்சாலை ஊழியர்கள் இருவர் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே வைஃபை. வெளியே நான்கு கேமராக்கள். இந்தக் கணினியை ஃபயர்வாலாக, அதாவது இணையத்துக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் நடுவே நின்று எதை விடுவது எதைத் தடுப்பது என்று பார்க்கும் காவலாக, ஆக்கலாமா, அதனால் பயன் உண்டா?

ஆக்கலாம், தம்பி. பயனும் உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் பக்கத்தில் இல்லை. வெளியிலிருந்து யாராவது நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் மட்டும்தான் காரணம் என்றால் இவ்வளவு வேலை வேண்டாம். சேவை நிறுவனம் கொடுக்கும் சாதாரண ரவுட்டர்கூட, உள்ளேயிருந்து யாரும் கேட்காமல் வெளியிலிருந்து வரும் இணைப்பைத் தானாகவே தள்ளிவிடுகிறது. வாசலுக்கு இரும்புக் கதவு ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே அறைகளுக்குத்தான் கதவே இல்லை. மாடியில் இருப்பவரின் கைப்பேசி, உங்கள் மடிக்கணினி, மலிவான ஆண்ட்ராய்டு பெட்டி, கேமராவின் பதிவுப் பெட்டி எல்லாமே ஒன்றையொன்று தடையின்றித் தொடலாம். 2016இல் மிராய் என்ற நச்சுநிரல் பரவியது இப்படிப்பட்ட கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும்தான். ஆலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாமல் விட்டிருந்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாவது பயன் திருத்தங்கள். 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற நச்சுநிரல் 54 நாடுகளில் ரவுட்டர்கள் உள்ளிட்ட குறைந்தது 5 லட்சம் கருவிகளில் குடியேறியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. வீட்டு ரவுட்டருக்குத் தயாரிப்பாளர் சில ஆண்டுகள் மென்பொருள் திருத்தம் தருவார், பிறகு புது மாடலுக்குப் போய்விடுவார். 64 பிட் கணினியில் ஓடும் ஃபயர்வால் மென்பொருளுக்கோ, அந்த மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை திருத்தம் வந்துகொண்டே இருக்கும்.

எதைத் தடுக்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று வரும் ஏபிகே கோப்பை, அதாவது ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பை, வீட்டில் யாராவது நிறுவிவிட்டால், உலகத்தில் எந்த வீட்டு ஃபயர்வாலும் வங்கிக் கணக்கைக் காப்பாற்றாது. போலிக் காவல்துறை அழைப்புக்கும் அதே கதைதான். அதற்கான மருந்து, மோசடிக்கு உள்ளானால் உடனே அழைக்க வேண்டிய 997 என்ற எண்ணை அம்மா அப்பா கைப்பேசியில் பதிந்து வைப்பதும், அவர்களிடம் உட்கார்ந்து பேசுவதும்.

இனி கணினிக்கு வருவோம். எல்லோரும் முதலில் செயலியின் வேகத்தைக் கேட்கிறார்கள். நான் மின்சார மீட்டரைக் கேட்கச் சொல்வேன். ஃபயர்வால் ஆண்டு முழுவதும் அணையாமல் ஓடும் பொருள். 70 வாட் இழுக்கும் பழைய கோபுரக் கணினி மாதத்துக்கு ஏறத்தாழ 50 யூனிட் தின்னும். யூனிட் 50 சென் என்று வைத்துக்கொண்டால் 25 வெள்ளி, ஆண்டுக்கு 300 வெள்ளி. அந்தப் பணத்தைச் சேர்த்தால் கொஞ்ச காலத்திலேயே நல்ல ரவுட்டர் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடலாம். “இலவசக் கணினி” என்பதற்குப் பொருளே இல்லை. உங்கள் 9020 அவ்வளவு மோசமில்லை. சுழலும் ஹார்டு டிஸ்கையும் சிடி டிரைவையும் கழற்றி, சிறிய எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டால், சும்மா இருக்கும்போது 30 வாட்டுக்குள் அடங்க வேண்டும். மாதத்துக்கு 22 யூனிட், 11 வெள்ளிக்குக் குறைவு. கைப்பிடி அளவு அலுவலக மினி கணினிகள் 10 வாட் சுற்றளவில் நிற்கும், ஆனால் அவற்றில் இரண்டாவது நெட்வொர்க் கார்டு செருக இடம் இருக்காது. 2025 ஜூலையில் மின்சார நிறுவனமான தெனாகா கட்டண முறையை மாற்றி எரிசக்தி, கொள்ளளவு, வலையமைப்பு என்று பிரித்துக் காட்டுவதால், உங்கள் சொந்தக் கணக்குக்கு பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்துப் பாருங்கள். செருகியில் பொருத்தும் சிறிய வாட் மீட்டர் ஒன்றை வாங்கி அளந்துவிட்டு முடிவெடுப்பது இன்னும் நல்லது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் கணினிகளை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்பதில்லை. அதனால் உங்களுடையதைப் போன்ற கணினிகள் மலிவாகக் கிடைக்கும் காலம் இது. அவற்றில் பல ஃபயர்வால் வேலைக்குத் தேவைக்கு மேலேயே வலுவுள்ளவை.

இரண்டாவது போர்ட் வேண்டும். யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் வேண்டாம்; மடிக்கணினிக்கு அது சரி, இரவும் பகலும் ஓடும் ஃபயர்வாலுக்கு நம்பகமில்லை. இரண்டு போர்ட் உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, இன்டெல் சிப் கொண்டதாக, பழையதே வாங்குங்கள். ஐ350 நல்ல தேர்வு. போலிகளும் நடமாடுகின்றன, அலுவலக சர்வரிலிருந்து கழற்றியதாக டெல் அல்லது ஹெச்பி ஒட்டுத்தாள் உள்ளதைத் தேடினால் ஆபத்து குறைவு. இன்டெல் என்று சொல்வது 1972 முதல் பாயான் லெப்பாஸில் ஆலை வைத்திருக்கிறார்களே என்ற ஊர்ப்பாசத்தால் அல்ல. நான் கீழே சொல்லும் ஃபயர்வால் மென்பொருள் ஓடும் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் இன்டெல் கார்டுகளின் டிரைவர் நிதானமாக இருக்கும். ரியல்டெக் சில நேரம் கனத்த போக்குவரத்தில் தொங்கிவிடும். உங்கள் கணினி எந்த உருவம் என்று சொல்லவில்லை. சிறிய உருவமாக இருந்தால் அரை உயரத் தகடு உள்ள கார்டுதான் பொருந்தும், வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியைத் திறக்கும்போதே தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றிவிடுங்கள். இரண்டு மூன்று வெள்ளிப் பொருள். பத்து வயது டெல் கணினியில் அது பெரும்பாலும் செத்துப்போயிருக்கும். மின்தடை வந்து திரும்பினால் பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளை மறந்து, எஃப்1 அழுத்தச் சொல்லித் திரையில் கேட்டுக்கொண்டு நிற்கும். திரையே இல்லாமல் படிக்கட்டுக்கு அடியில் கிடக்கும் கணினியிடம் யார் போய் எஃப்1 அழுத்துவது? புது பேட்டரி போட்ட பிறகு, மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி பயாஸில் அமையுங்கள்.

மென்பொருளில் என் தேர்வு ஓபிஎன்சென்ஸ். 2003இல் தொடங்கிய மோனோவால் திட்டத்திலிருந்து 2004இல் பிஎஃப்சென்ஸ் பிரிந்தது. அதிலிருந்து 2015 ஜனவரியில் ஓபிஎன்சென்ஸ் பிரிந்தது. அடுத்த மாதமே மோனோவாலை உருவாக்கியவர் தம் திட்டத்தை மூடிவிட்டு, பயனர்களை ஓபிஎன்சென்ஸ் பக்கம் போகச் சொன்னார். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் இரண்டிலும் உள்ளே ஓடுவது ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தில் 2001இல் பிறந்த பிஎஃப் என்ற வடிகட்டிதான். எனவே பாதுகாப்பில் ஒன்று உயர்வு மற்றது தாழ்வு என்று சண்டை போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. ஓபிஎன்சென்ஸ் ஜனவரியிலும் ஜூலையிலும் புதிய பதிப்பு தருகிறது, பட்டியல்கள் புதியவருக்குப் புரிகின்றன. ரியல்டெக் போர்ட் மட்டுமே உள்ள கணினியாக இருந்தால் லினக்ஸ் அடிப்படையிலான ஓபன்டபிள்யூஆர்டியைச் சொல்லியிருப்பேன்.

மறையாக்கத்தை விரைவாக்கும் ஏஇஎஸ் வசதி இல்லாத செயலி ஆகாது என்று யாராவது பயமுறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். 2017இல் பிஎஃப்சென்ஸ் அப்படி நிபந்தனை போடப்போவதாக அறிவித்துப் பின்னர் கைவிட்டது. உங்கள் ஐ5இல் அந்த வசதி இருக்கவும் செய்கிறது.

நம் ஊர் இணைப்புக்கு உரிய சங்கதி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செய்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். ஃபைபர் வந்து முடியும் பெட்டியிலிருந்து வரும் கம்பியை ஃபயர்வாலில் செருகினால் மட்டும் இணையம் வராது. ஒரே கம்பியில் பல தனி வலைகளை எண் போட்டுப் பிரிக்கும் முறைக்கு விலேன் என்று பெயர். யூனிஃபையில் இணையம் விலேன் 500இல் வருகிறது, தொலைக்காட்சி 600இல். மேக்சிஸ் ஃபைபரில் இணையத்துக்கு 621. உங்களுக்கு, வெளிப்பக்க போர்ட்டின் மேல் முதலில் விலேன் 500ஐ உருவாக்கி, அதன் மேல் பிபிபிஓஇ என்ற உள்நுழைவு முறை இணைப்பை அமைத்து, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க வேண்டும். இணைப்பு போட்ட நாளில் தந்த தாளில் அவை இருக்கும். தாள் தொலைந்திருந்தால் சேவை நிறுவனத்தை அழைத்து வாங்கி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள், பாதியில் போய்க் கேட்காதீர்கள். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு அதை மாற்றித் தரும்படியும் கேட்க வேண்டும்.

பிபிபிஓஇ முறையில் ஒரு பாக்கெட்டின், அதாவது தரவுப் பொட்டலத்தின், அதிகபட்ச அளவு 1500க்குப் பதில் 1492 பைட். ஓபிஎன்சென்ஸ் இதைத் தானே கவனித்துக்கொள்ளும். சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஃப்ரீபிஎஸ்டியில் பிபிபிஓஇ போக்குவரத்து வழக்கமாக ஒரே செயலிக் கருவின் மேல்தான் விழும். நான்கு கருக்கள் இருந்தும் மூன்று வேடிக்கை பார்க்கும். ஜே1900 போன்ற சிறிய செலரான் பெட்டிகள் 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் திணறுவதற்கு இதுதான் காரணம். உங்கள் ஐ5இன் ஒற்றைக் கரு வலுவானது, 500க்குத் தாராளம்.

உண்மையான செலவு கணினியில் இல்லை. அறைகளைப் பிரிக்க விலேன் அறிந்த நெட்வொர்க் சுவிட்ச் (பல கம்பிகளை ஒன்றுசேர்க்கும் பெட்டி) ஒன்றும், ஒவ்வொரு வைஃபை பெயரையும் தனித்தனி விலேனில் தள்ளத் தெரிந்த அக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை பரப்பும் பெட்டி, ஒன்றோ இரண்டோ வேண்டும். சேவை நிறுவனம் தந்த ரவுட்டரை அக்சஸ் பாயின்டாக மாற்றலாம், ஆனால் பெரும்பாலும் அது எல்லோரையும் ஒரே வலையில்தான் போடும். அப்படியானால் நாம் தொடங்கிய நோக்கமே போய்விடும். டிபி-லிங்க் ஒமாடா வரிசைப் பெட்டிகள் இந்த வேலைக்குப் போதும். கோம்தார் கடைகளிலோ இணையத்திலோ வாங்கலாம். பணம் இப்போது கையில் இல்லையென்றால் ஃபயர்வாலைத் தள்ளிப்போடுங்கள். பிரிக்காத வீட்டுக்கு அது வெறும் மின்செலவு.

விதிகளுக்கு வருகிறேன், இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். வீட்டாருக்கு விலேன் 10, வாடகைக்காரர்களுக்கு 20, கேமராக்களுக்கு 30 என்று வைத்துக்கொள்வோம். ஓபிஎன்சென்ஸில் புதிதாக உருவாக்கிய விலேனில் ஒரு விதியும் இருக்காது. விதி இல்லையென்றால் எல்லாம் தடை. வாடகைக்காரருக்கு இணையம் வரவில்லையே என்று உடனே “எல்லாவற்றையும் அனுமதி” என்று ஒரு விதியைப் போட்டுவிடுகிறார்கள். இணையம் வந்துவிடும். ஆனால் அந்த “எல்லாவற்றிலும்” உங்கள் விலேன் 10உம் கேமராக்களும் அடக்கம். எல்லோருக்கும் இணையம் வருவதால் ஒன்றும் தப்பாகத் தெரியாது. பிரித்ததாக நினைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பிரிக்காமல் இருப்பீர்கள்.

விதிகள் மேலிருந்து கீழாக வாசிக்கப்படும். முதலில் பொருந்துவதே தீர்ப்பு. ஆகவே விலேன் 20இல் முதல் விதியாக, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவைக்காக, ஃபயர்வாலின் போர்ட் 53ஐ மட்டும் அனுமதியுங்கள் (இந்தப் போர்ட் கம்பி செருகும் துளை அல்ல, சேவைக்கான எண்). அதற்கு அடுத்து, ஃபயர்வாலின் மற்ற எல்லாவற்றையும் தடுங்கள். இதற்கு “திஸ் ஃபயர்வால்” என்ற தயார் இலக்கு இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் எந்த முகவரி வழியாகவும் உங்கள் நிர்வாகப் பக்கத்தைத் தொட முடியாது. மூன்றாவதாக 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்ற மூன்று தனியார் முகவரித் தொகுதிகளையும் ஒரு பெயரில் கட்டி, அந்தப் பெயருக்குப் போகும் எல்லாவற்றையும் தடுங்கள். கடைசியில்தான் மற்ற அனைத்துக்கும் அனுமதி.

முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அந்த மூன்று தொகுதிகளும் பழைய ஐபிவி4 முகவரிகள். உங்கள் இணைப்பில் புதிய முகவரி முறையான ஐபிவி6 கிடைத்து, அதை எல்லா விலேன்களுக்கும் பகிர்ந்திருந்தால், வீட்டுக் கருவிகளுக்கு உலகளாவிய ஐபிவி6 முகவரியும் இருக்கும். மூன்றாவது விதிக்கு அது கண்ணில் படாது. கடைசி விதி கைகாட்டி உள்ளே அனுப்பிவிடும். தடுப்பு விதியின் இலக்கில் விலேன் 10, விலேன் 30 ஆகியவற்றின் முழு வலையையும் இரண்டு பதிப்புகளுக்கும் சேர்த்துக் குறிப்பிடுங்கள். அல்லது வாடகைக்காரர் வலைக்கும் கேமரா வலைக்கும் ஐபிவி6 கொடுக்காமல் விடுங்கள். தொடக்கத்தில் இரண்டாவது வழியே சிக்கலில்லாதது. அமைத்த பின் ஒரு கைப்பேசியை மாடி வைஃபையில் இணைத்து, கேமராப் பெட்டியின் முகவரியையும் ஃபயர்வாலின் முகவரியையும் உலாவியில் அடித்துப் பாருங்கள். இரண்டும் திறக்கக் கூடாது.

கேமராக்களுக்கு இன்னும் கடுமையாக இருங்கள். அவற்றுக்கு இணையமே வேண்டாம். நேரம் சரியாக இருப்பதற்கு ஃபயர்வாலிடமே என்டிபி (நேரம் சொல்லும் சேவை) கேட்கட்டும். விலேன் 10இலிருந்து நீங்கள் பார்க்கலாம், அவை உங்களை நோக்கித் தாமாக இணைப்புத் தொடங்கக் கூடாது. தயாரிப்பாளரின் கைப்பேசிச் செயலி வழியாக வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி இதனால் போய்விடும். அதற்குப் பதில், வெளியிலிருந்து வீட்டு வலைக்கு மறையாக்கப்பட்ட பாதை போடும் வயர்கார்டு விபிஎன் வைத்துக்கொள்ளுங்கள். ஓபிஎன்சென்ஸிலேயே இருக்கிறது, கைப்பேசியில் ஒரு தட்டலில் வீட்டுக்குள் வந்துவிடலாம். இதற்கு வெளிப்பக்க முகவரி பொது முகவரியாக இருக்க வேண்டும். ஃபயர்வாலின் முகப்பில் தெரியும் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இருக்கிறீர்கள் என்று பொருள். வெளியிலிருந்து நேரடியாக வர முடியாது. டெயில்ஸ்கேல் போன்ற சேவையை நாட வேண்டும்.

டிஎன்எஸ் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் ஃபயர்வால் வைத்த மறுநாள் கேட்பீர்கள். 2024 செப்டம்பரில், பொது டிஎன்எஸ் சேவைகளுக்குப் போகும் கேள்விகளைத் தங்கள் சொந்த டிஎன்எஸ் பக்கம் திருப்பும்படி இணையச் சேவை நிறுவனங்களுக்கு மலேசியத் தகவல் தொடர்பு ஆணையமான எம்சிஎம்சி உத்தரவிட்டது. பெரிய எதிர்ப்பு கிளம்பவே, தகவல் தொடர்பு அமைச்சர் ஃபாமி பாட்சில் அதை நிறுத்தச் சொன்னார். சாதாரண போர்ட் 53 கேள்விகளை வழியில் இருப்பவர் படிக்கவும் திருப்பவும் எவ்வளவு எளிது என்பதை அந்தச் சில நாட்கள் காட்டின. ஓபிஎன்சென்ஸில் உள்ள அன்பவுண்டு என்ற டிஎன்எஸ் மென்பொருள், கேள்விகளை டிஎல்எஸ் என்ற மறையாக்க உறையில் போட்டு போர்ட் 853 வழியாக அனுப்பும். விளம்பரத் தளங்களின் தடைப்பட்டியலையும் அதிலேயே ஏற்றலாம். ஆனால் சட்டப்படி இங்கே தடுக்கப்பட்ட தளங்களைத் திறப்பதற்கான சாவியாக இதைப் பார்க்காதீர்கள். அந்தப் பேச்சில் எனக்கு விருப்பமில்லை.

அதே இடத்தில் யார் எந்தத் தளத்தைக் கேட்டார் என்ற பதிவும் கிடைக்கும். விலேன் 20க்கு அதைப் பார்க்க வேண்டாம். வாடகை வாங்குவதால் அவர்களின் இரவு நேரத்தைப் படிக்கும் உரிமை வந்துவிடாது. அவர்களின் வலைக்கு மொத்த வேகத்தில் ஒரு வரம்பு வையுங்கள், அதை அவர்களிடம் சொல்லியும் விடுங்கள்.

சூரிகாட்டா போன்ற ஊடுருவல் கண்டறியும் கருவியை இப்போது இயக்காதீர்கள். இன்றைய போக்குவரத்தில் பெரும்பகுதி மறையாக்கம் செய்யப்பட்டது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதனால் பார்க்க முடியாது. செயலியைத் தின்று, பொய் எச்சரிக்கைகளால் உங்களைக் களைப்பாக்கும்.

இடிமழை நாட்டில் இருக்கிறோம். ஃபைபர் கண்ணாடி இழை, மின்னலைக் கடத்தாது. ஆனால் வெளிச்சுவரில் தொங்கும் கேமராவுக்குப் போகும் செம்புக் கம்பி கடத்தும், அது நேராக உங்கள் சுவிட்சில் வந்து முடிகிறது. அந்தக் கம்பிகளுக்கு மின்னெழுச்சித் தடுப்பான் போடுங்கள். ஃபைபர் பெட்டி, ஃபயர்வால், சுவிட்ச் மூன்றையும் சிறிய யூபிஎஸ் ஒன்றில் சேருங்கள். நிறுவும்போது கோப்பு முறைமை கேட்கும் இடத்தில் இசட்எஃப்எஸ் என்று தேர்ந்தெடுங்கள், திடீர் மின்தடையை அது நன்றாகத் தாங்கும். மூடிய அலமாரிக்குள் கணினியை வைக்காதீர்கள். இந்த ஊர் வெப்பத்துக்கு அது ஆகாது.

ஃபயர்வாலின் எல்லா அமைப்புகளும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பில் இருக்கும். மாற்றம் செய்யும்போதெல்லாம் அதை இறக்கி, கடவுச்சொல் போட்டு வேறிடத்தில் வையுங்கள். பிபிபிஓஇ கடவுச்சொல்லும் வயர்கார்டு திறவுகோலும் அதற்குள் இருக்கின்றன. சேவை நிறுவனம் தந்த ரவுட்டரைத் தொடாமல், அமைப்பை மாற்றாமல், அப்படியே எடுத்து வையுங்கள். நீங்கள் கோலாலம்பூரில் இருக்கும் நாளில் இந்தக் கணினி படுத்துவிட்டால், ஃபைபர் பெட்டியின் கம்பியை ரவுட்டரின் வெளிப்பக்க போர்ட்டில் செருகி, ரவுட்டரின் லேன் போர்ட்டிலிருந்து ஒரு கம்பியை சுவிட்சில் விலேன் 10க்கு ஒதுக்கிய போர்ட்டுக்குக் கொண்டுபோனால் வீட்டு வைஃபை திரும்பிவிடும். மாடிக்காரர்களுக்கு மட்டும் நீங்கள் வரும்வரை இருக்காது. எந்தக் கம்பி எங்கே என்று ஒட்டுத்தாளில் தமிழிலேயே எழுதி ஒட்டிவிட்டு, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே அம்மாவை ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள்.